ஒரே பயணம், மூன்று புகார்கள்: எதை எங்கே கொடுப்பது?

கேள்வி: நாங்கள் தாம்பரத்தில் வசிக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலி. பொங்கலுக்கு ஊருக்குச் செல்வதற்காக, டிசம்பர் முதல் வாரத்திலேயே ஒரு முன்பதிவுச் செயலி வழியாக ஆம்னி பேருந்தில் நான்கு படுக்கைகளைத் தலா 1,450 ரூபாய்க்குப் பதிவு செய்தோம். வரி, சேவைக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 6,214 ரூபாய் ஆயிற்று. பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, ‘தொழில்நுட்பக் காரணங்களால் பேருந்து ரத்து’ என்று குறுஞ்செய்தி வந்தது. அரை மணி நேரம் கழித்து அதே செயலியில் தேடினால், அதே நிறுவனத்தின் அதே இரவு 9.45 மணிப் பேருந்தில் ஒரு படுக்கை 3,400 ரூபாய் என்று விற்பனையில் இருந்தது. வேறு வழியின்றி இன்னொரு நிறுவனத்தின் பேருந்தில் நான்கு பேருக்கும் வரி உட்பட 14,280 ரூபாய் கொடுத்துச் சென்றோம். பழைய பணத்தில் 5,800 ரூபாயைச் செயலியின் வாலட்டில், ஆறு மாதம் மட்டுமே செல்லும் தொகையாக வரவு வைத்திருக்கிறார்கள்; மீதி 414 ரூபாய் திரும்ப வராதாம். செயலி, பேருந்து நிறுவனத்தைக் கேட்கச் சொல்கிறது. பேருந்து நிறுவனம் செயலியைக் கைகாட்டுகிறது. இது போதாதென்று, விக்கிரவாண்டி அருகே பேருந்து நின்ற மோட்டல் வாசலில் உள்ள கடையில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை 30 ரூபாய்க்கு விற்றார்கள், பில்லும் தரவில்லை. முதலமைச்சர் தனிப்பிரிவு, மாவட்ட ஆட்சியர், போக்குவரத்துத் துறை, 1915 உதவி எண் என எல்லோருக்கும் அனுப்ப ஒரே மனுவை எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? இந்தத் தொகைக்கு வழக்கறிஞர் வைத்தால் கட்டுப்படியாகாது என்கிறார் என் கணவர்.

— வாசகி, தாம்பரம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

எழுதி வைத்திருக்கும் மனுவை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த அதன் நகலைப் படித்தேன். மூன்று பக்க மனுவில் இரண்டரைப் பக்கம் பண்டிகைக் காலக் கட்டணக் கொள்ளையைப் பற்றியது. பணம் திரும்ப வராதது ஒரு பத்தி. ரத்து செய்த பேருந்தே மீண்டும் விற்பனைக்கு வந்தது ஒரே ஒரு வரி. சட்டத்தின் கண்ணில் இந்த வரிசை தலைகீழானது. உங்கள் கையில் இருப்பவற்றில் மிக வலுவானது அந்த ஒற்றை வரிதான். மிக பலவீனமானது அந்த இரண்டரைப் பக்கம். அந்த மனு அப்படியே போனால், ஒவ்வொரு அலுவலகமும் தனக்குச் சம்பந்தமில்லாத பகுதியைக் காரணம் காட்டி அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். ஓரிரு மாதம் கழித்து, ‘தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்ற பதில்கள் மட்டும் உங்கள் கையில் சேர்ந்திருக்கும்.

முதலில், பலவீனமான பகுதி ஏன் பலவீனமானது என்று சொல்லிவிடுகிறேன். ‘அநியாய விலை’ என்று நாம் சொல்வதெல்லாம் சட்டப்படி குற்றமாகிவிடுவதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலை தொடர்பான புகாருக்கு நான்கு அளவுகோல்களை வைத்திருக்கிறது: சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்ட விலை, பொருளின் மீதோ உறையின் மீதோ அச்சிடப்பட்ட விலை, விற்பவர் காட்சிக்கு வைத்த விலைப்பட்டியலில் உள்ள விலை, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலை. இந்த நான்கில் ஏதேனும் ஒன்றைவிடக் கூடுதலாக வாங்கினால்தான் அது ‘கூடுதல் விலை’. இவற்றில் எதுவும் இல்லாத இடத்தில், ஒருவர் வாய் கூசாமல் எவ்வளவு கேட்டாலும், விலை உயர்வு ஒன்றை மட்டும் காட்டி, நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தில் வெல்வது கடினம். பேரிடர்க் காலங்களில் விலையேற்றத்தைத் தண்டிக்கும் தனிச் சட்டங்கள் வேறு சில நாடுகளில் உண்டு. அத்தகைய பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2020 மார்ச்சில் முகக்கவசத்தையும் கைச் சுத்திகரிப்புத் திரவத்தையும் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் அறிவித்து, மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய், 200 மில்லி சுத்திகரிப்புத் திரவம் 100 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு விதித்த பிறகுதான், அதைவிடக் கூடுதலாக விற்றவர்கள் மீது கைவைக்க முடிந்தது.

ஆம்னி பேருந்துக்கு அப்படிப்பட்ட உச்சவரம்பு கிடையாது. (மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘ஆம்னி பேருந்து’ என்பதற்கு, ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றக்கூடிய வாகனம் என்பதுதான் பொருள்; நாம் அந்தச் சொல்லைத் தனியார் சொகுசுப் பேருந்துக்கு என்று வைத்துக்கொண்டோம்.) இந்தப் பேருந்துகள் ஒப்பந்த ஊர்தி அனுமதியில் ஓடுபவை. அச்சட்டத்தின் பிரிவு 67-இன்படி ஒப்பந்த ஊர்திகளுக்கும் கட்டணம் குறித்து உத்தரவிட மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தும், அரசுப் பேருந்துகளுக்கு இருப்பதைப் போன்ற அரசாணைக் கட்டணம் ஆம்னி பேருந்துகளுக்கு விதிக்கப்படவில்லை. 2022-இல் உரிமையாளர் சங்கங்கள் தாமாகவே ஒரு கட்டணப் பட்டியலை வெளியிட்டன. அந்தப் பட்டியலை ‘காட்சிக்கு வைத்த விலைப்பட்டியல்’ என்று வாதாடலாமே என்று கேட்பீர்கள். வாதாடலாம், ஆனால் அது சங்கத்தின் பட்டியல், உங்களுக்கு டிக்கெட் விற்ற நிறுவனத்தின் பட்டியல் அல்ல என்ற பதில் உடனே வரும். அந்த வாதத்தை நம்பி ஒரு வழக்கைத் தொடங்க மாட்டேன்.

ஆகவே, இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் கொடுத்த 14,280 ரூபாயை ‘கொள்ளை’ என்று அந்த நிறுவனத்தின் மீது புகார் செய்தால், நுகர்வோர் சட்டத்தின்படி பெரிதாக எதுவும் கிடைக்காது. போக்குவரத்துத் துறைக்கு வேண்டுமானால் எழுதலாம். பண்டிகை நாட்களில் அந்தத் துறையினர் சுங்கச்சாவடிகளிலும் பேருந்து முனையங்களிலும் சோதனை நடத்துகிறார்கள். கடந்த பண்டிகைகளில் 1800 425 6151 என்ற எண்ணைப் புகாருக்காக அறிவித்தார்கள். அந்தச் சோதனையில் அபராதம் விதிக்கப்படலாம், அனுமதி மீறல்கள் பிடிபடலாம். ஆனால் அது பயணத்தன்றே, பேருந்தின் பதிவு எண்ணோடு சொன்னால் பயன்தரும் வழி. மாதக்கணக்கில் கழித்து எழுதும் கடிதத்துக்கு அங்கே பெரிய மதிப்பிருக்காது.

இப்போது வலுவான பகுதிக்கு வருகிறேன். டிசம்பரில் நீங்கள் முதல் நிறுவனத்தோடு ஒரு விலையை ஒப்புக்கொண்டீர்கள், பணமும் செலுத்திவிட்டீர்கள். மேலே சொன்ன நான்கு அளவுகோல்களில் கடைசியானது, அதாவது ‘ஒப்புக்கொண்ட விலை’, அந்த நொடியிலேயே உங்களுக்குப் பொருந்தத் தொடங்கிவிட்டது. ஒப்புக்கொண்ட விலைக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய பேருந்தை, தேவை கூடியதும் ரத்து என்று சொல்லிவிட்டு, அதே படுக்கைகளை இருமடங்குக்கும் மேலான விலைக்குக் கடைவிரித்திருந்தால், அது சேவைக் குறைபாடும் நேர்மையற்ற வணிக நடைமுறையும் ஆகும். நீங்கள் கூடுதலாகச் செலவழித்த தொகை அந்தத் தவறின் நேரடி விளைவு. இப்படிப் பார்த்தால், இரண்டாவது நிறுவனத்திடம் கேட்க முடியாத அதே பணத்தை முதல் நிறுவனத்திடம் இழப்பீடாகக் கேட்க முடிகிறது. கட்டணக் கொள்ளை என்ற உங்கள் ஆதங்கம் சட்டத்துக்குள் நுழையக்கூடிய ஒரே வாசல் இதுதான்.

கணக்கைச் சரியாகப் போடுங்கள். பழைய டிக்கெட்டுக்குச் செலுத்திய 6,214 ரூபாய் முழுவதும் திரும்ப வேண்டும். அதோடு, மாற்றுப் பேருந்துக்கு ஆன 14,280 ரூபாய்க்கும் பழைய கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசமான 8,066 ரூபாய் இழப்பீடாக வர வேண்டும். மொத்தம் 14,280 ரூபாய். இதற்கு மேல் மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித்தனியே ஒரு தொகை கேட்கலாம். உங்கள் மனுவில் ஐந்து லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும், மற்ற கணக்குகளையும் இப்படித்தான் போட்டிருப்பாரோ என்ற ஐயம் படிப்பவர் மனத்தில் எழும். பதினான்காயிரம் ரூபாய் இழப்புக்கு இருபது, இருபத்தைந்தாயிரம் ரூபாய் இழப்பீடு கேட்பது உறுத்தாது.

செயலியின் வாலட்டில் இருக்கும் 5,800 ரூபாயைத் தொடாதீர்கள். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டவனுக்குத் தள்ளுபடிச் சீட்டைக் கொடுத்த கதையாக இது இருந்தாலும், ஒரு டிக்கெட்டுக்கு அதைப் பயன்படுத்திவிட்டால், ‘திருப்பிய தொகையை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார்’ என்ற வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுத்தவர் ஆவீர்கள். ‘இந்த வாலட் வரவை நான் ஏற்கவில்லை, பணம் செலுத்திய வங்கிக் கணக்குக்கே திருப்ப வேண்டும்’ என்று இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். இதற்கு ஆதாரம் உண்டு. இணையக் கட்டணங்களை வாங்கித் தரும் இடைநிலை நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்திருக்கும் விதிகளின்படி, வாடிக்கையாளர் வேறு வழிக்குக் குறிப்பாகச் சம்மதிக்காத வரையில், எந்த வழியில் பணம் வந்ததோ அதே வழியில்தான் திருப்ப வேண்டும். 2024 அக்டோபரில், ஓலா நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரும்போது வங்கிக் கணக்கா கூப்பனா என்று வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்க வழி செய்ய வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதற்கு முன்பு அந்தச் செயலியில் கூப்பன் தவிர வேறு வழி காட்டப்படவில்லை. உங்கள் மின்னஞ்சலில் இந்த உத்தரவை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். சட்டப் பிரிவு அறியும் வாடிக்கையாளர் என்று தெரிந்ததும் பதில் எழுதும் ஆள் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

திரும்பாது என்கிற 414 ரூபாயில் காப்பீட்டுத் தொகையும் இருக்கிறது. அந்தக் காப்பீட்டை நீங்களே தேர்ந்தெடுத்தீர்களா, அல்லது ஏற்கெனவே குறியிட்ட கட்டமாக வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கேட்காத ஒன்றைக் கட்டணத்தில் தானாகச் சேர்ப்பதை, 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டுதல்கள், ஏமாற்றும் வடிவமைப்பு உத்திகள் பதின்மூன்றில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கின்றன. எப்படியிருந்தாலும், நீங்கள் ரத்து செய்யவில்லை, அவர்கள்தான் ரத்து செய்தார்கள் என்பதால், சேவைக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ள நியாயம் எதுவும் இல்லை.

யார் மீது புகார் செய்வது என்று குழம்ப வேண்டாம். இருவர் மீதும் செய்ய வேண்டும். ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்று செயலி சொல்லும். ஆனால் பணத்தை வாங்கியதும் வாலட்டில் போட்டதும் அவர்கள்தாம். ‘ரத்துக்குத்தான் நாங்கள் பொறுப்பு, பணத்துக்கு அல்ல’ என்று பேருந்து நிறுவனம் சொல்லும். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் மீது மட்டும் புகார் செய்தால், வராதவர் மேல் பழியைப் போட்டு வந்தவர் தப்பிக்கப் பார்ப்பார். இருவரையும் முதலாம், இரண்டாம் எதிர்தரப்பினர்களாகச் சேர்த்துவிட்டால், ஒருவர் பொய்யை மற்றவர் ஆவணமே காட்டிக்கொடுக்கும் நிலையும் சில சமயம் வாய்க்கும்.

முதல் படி, செயலியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுவது. 2020-இன் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் அத்தகைய அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். செயலியின் அரட்டைப் பெட்டியில் இயந்திரத்தோடு பேசியதெல்லாம் இந்தக் கணக்கில் வராது, மின்னஞ்சல் அனுப்புங்கள். அதன் அச்சுப் பிரதியைப் பேருந்து நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு விரைவுத் தபாலில், ஒப்புகையோடு அனுப்புங்கள். வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் நுகர்வோர் சட்டத்தில் இல்லை. உங்கள் கையெழுத்திட்ட கடிதமே போதும். பதினைந்து நாள் கெடு கொடுங்கள்.

அந்த மின்னஞ்சலோடு சேர்த்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். தமிழிலேயே பேசலாம், காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை எடுப்பார்கள். இந்த உதவி எண்ணைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. அது எதற்கும் உதவாது என்பது ஒன்று. பெரிய மின்வணிக நிறுவனங்கள் பல அந்த அமைப்போடு நேரடியாக இணைக்கப்பட்டிருப்பதால், பணம் திரும்பக் கிடைக்காத பிரச்சினைகள் கணிசமாக அங்கேயே தீர்ந்துவிடுகின்றன என்பதே உண்மை. மற்றொன்று, அது ஒரு நீதிமன்றம் போன்றது என்பது. அதற்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை. வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி மட்டுமே. அங்கே புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக வழக்குத் தொடரும் காலக்கெடு நின்றுவிடாது. உங்களுக்கு அவர்கள் தரும் பதிவு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் 5,800 ரூபாய் இந்தக் கட்டத்திலேயே வங்கிக் கணக்குக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம். 8,066 ரூபாய் வித்தியாசம் இங்கே வராது. அதற்கு ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆணையம் என்றதும் உங்கள் கணவர் சொன்ன கணக்கு நினைவுக்கு வருகிறது. அவர் சொல்வது உரிமையியல் நீதிமன்றத்துக்குச் சரி, இங்கே பொருந்தாது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். நிறுவனத்தின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் கவலையில்லை. முறையீட்டாளர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம். தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததால், செங்கல்பட்டு மாவட்ட ஆணையம் உங்களுக்கு உரியது. செயலியின் நிபந்தனைகளில் ‘அனைத்துத் தகராறுகளும் குறிப்பிட்ட ஊரின் நீதிமன்றத்துக்கே உட்பட்டவை’, ‘நடுவர் தீர்ப்பாயத்துக்கே செல்ல வேண்டும்’ என்றெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். நடுவர் தீர்ப்பு நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் வழக்குத் தொடரத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் உறுதிப்படுத்திவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே முறையீட்டைப் பதியலாம். காணொலி வழியாக விசாரணையில் கலந்துகொள்ள அனுமதி கேட்கலாம்.

இந்த வழக்கின் உயிர் ஆவணங்களில் இருக்கிறது. டிக்கெட், பணம் செலுத்திய வங்கிப் பதிவு, ரத்துக் குறுஞ்செய்தி, மாற்று டிக்கெட் ஆகியவை எல்லோரிடமும் இருப்பவை. உங்களிடம் கூடுதலாக இருப்பது, ரத்தான அரை மணி நேரத்தில் அதே பேருந்து 3,400 ரூபாய்க்கு விற்பனையில் இருந்ததைக் காட்டும் திரைப்பிடிப்பு. அதில் நிறுவனத்தின் பெயரும், புறப்படும் நேரமும், பயணத் தேதியும், உங்கள் கைபேசியின் கடிகாரமும் தெரிகின்றனவா என்று பாருங்கள். அந்தக் கோப்பை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல், எடுத்த கைபேசியிலேயே மூலமாக வைத்திருங்கள். மின்னணு ஆவணங்களைத் தாக்கல் செய்யும்போது, பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63-இன்படியான சான்றிதழை இணைப்பது நல்லது. எந்தக் கருவியில், எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்று சொல்லும் ஆவணம் அது.

பேருந்து நிறுவனம் என்ன பதில் சொல்லும் என்பதையும் இப்போதே ஊகிக்கலாம். ‘பேருந்து பழுதாகிவிட்டது, விற்பனையில் தெரிந்தது மென்பொருள் பிழை, அன்றிரவு அந்தப் பேருந்து ஓடவே இல்லை’ என்பார்கள். இதற்கு உங்களிடம் நேரடிச் சாட்சி இருக்காது. ஆனால் கிளாம்பாக்கத்திலிருந்து திருநெல்வேலி நோக்கிப் போகும் பேருந்து பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்துதான் ஆக வேண்டும். அந்தத் தேதியில் அந்த நேரத்துச் சேவைக்கு ஒதுக்கப்பட்ட வாகனத்தின் பதிவு எண், அன்றைய பயணிகள் பட்டியல், அந்த வாகனத்தின் ஃபாஸ்டேக் கணக்கறிக்கை, பழுது பார்த்ததற்கான பட்டறைப் பில் ஆகியவற்றைத் தாக்கல் செய்யும்படி எதிர்தரப்பினருக்கு உத்தரவிடுமாறு, முறையீட்டோடு ஓர் இடைக்கால மனுவையும் போடுங்கள். ஆவணங்களைக் கொண்டுவரச் செய்வதில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையத்துக்கும் உண்டு. பேருந்து உண்மையிலேயே பழுதாகியிருந்தால் ஃபாஸ்டேக் கணக்கு அவர்களைக் காப்பாற்றும். அப்போது உங்கள் இழப்பீட்டுக் கோரிக்கை சற்று மெலியும், பணத்தைத் திருப்பும் கோரிக்கை அப்படியே நிற்கும். பேருந்து ஓடியிருந்தால் அந்தக் கணக்கைக் கொடுக்க அவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்திலிருந்தே அவர்களுக்கு எதிரான முடிவுக்கு வரும்படி ஆணையத்தைக் கேட்கலாம்.

காலத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எதிர்தரப்பினர் பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள், மேலும் 15 நாள் நீட்டிப்பு. அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்குகளை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும். ஓராண்டு ஆனாலும் வியப்படையாதீர்கள். இடையில் சமரச மையத்துக்கு அனுப்பட்டுமா என்று ஆணையம் கேட்கும். உங்கள் வழக்கு அதற்கு ஏற்றது, மறுக்காதீர்கள். உத்தரவு உங்களுக்குச் சாதகமாக வந்தபின் எதிர்தரப்பு மேல்முறையீடு செய்ய விரும்பினால், உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்தின் படியேற முடியும். உத்தரவை மதிக்காவிட்டால் பிரிவு 72-இன்படி ஒரு மாதத்துக்குக் குறையாத, மூன்று ஆண்டு வரையிலான சிறைத் தண்டனையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சிறிய தொகைகளுக்கான உத்தரவுகளை நிறுவனங்கள் பெரும்பாலும் இழுக்காமல் செலுத்திவிடுவதற்கு இந்த இரண்டு பிரிவுகளும் காரணம்.

மாவட்ட ஆட்சியருக்கு எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு மனுவாக எழுதுங்கள். நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 17, நேர்மையற்ற வணிக நடைமுறை நுகர்வோர் பலரைப் பாதிக்கும்போது ஆட்சியரிடமோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ புகார் கொடுக்க வழி செய்கிறது. 2020 ஜூலையில் நிறுவப்பட்ட இந்த மத்திய ஆணையம் தனிநபர் தகராறுகளைத் தீர்க்கும் இடம் அல்ல. மாவட்ட ஆணையம் உங்கள் பணத்தை வாங்கித் தரும். மத்திய ஆணையம் ஒரு நிறுவனத்தின் பழக்கத்தையே நிறுத்தச் சொல்லும். ஆகவே அந்த மனுவில் உங்கள் 14,280 ரூபாயைப் பற்றி அதிகம் பேசாதீர்கள். பண்டிகைக்கு முன் பதிவான டிக்கெட்டுகளை ரத்து செய்து கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்யும் நடைமுறை இருக்கிறது, அதற்கு இந்தத் திரைப்பிடிப்பு ஆதாரம், அதே பேருந்தில் ரத்தான மற்ற பயணிகளின் எண்ணிக்கையை விசாரித்தறிய வேண்டும் என்று எழுதுங்கள். உங்களோடு ரத்தான வேறு இரண்டு குடும்பங்களைத் தெரியும் என்று கடிதத்தின் ஓரத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர்களும் கையெழுத்திட்டால் ‘பலரைப் பாதிப்பது’ என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலேயே இதைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறலாம். முதலமைச்சர் தனிப்பிரிவுக்குத் தனியே அனுப்புவதால் இதில் கூடுதல் பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாகத் தண்ணீர் பாட்டில். பத்து ரூபாய்தானே என்று நீங்களே தயக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மூன்று புகார்களில் சட்டம் மிகத் தெளிவாக இருப்பது இதில்தான். அதிகபட்ச சில்லறை விலை என்பது எல்லா வரிகளும் உள்ளடங்கிய விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும், 2011-இன் பொட்டலப் பொருள் விதிகளில் 18-ஆம் விதியை மீறியதாகும். ‘கூலிங் சார்ஜ்’ என்ற ஒன்று சட்டத்தில் இல்லை. ஒரே ஒரு விலக்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டலில் மேசையில் அமர்த்திப் பரிமாறும்போது, அது வெறும் பொருள் விற்பனை அல்ல, சேவையும் கலந்தது என்பதால் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோட்டலுக்கு உள்ளே மேசையில் வாங்கியிருந்தால் இந்தத் தீர்ப்பு குறுக்கே நிற்கும். நீங்கள் வாங்கியது வாசலில் உள்ள கடையில், நின்றபடி. அது சாதாரணச் சில்லறை விற்பனை.

இந்தப் புகார் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் சட்டமுறை எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை என்பது பலருக்கும் தெரிவதில்லை. கடை இருக்கும் மாவட்டமான விழுப்புரத்தின் தொழிலாளர் உதவி ஆணையருக்கு (அமலாக்கம்) ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மோட்டலின் பெயர், நெடுஞ்சாலையில் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு வாங்கினீர்கள், பாட்டிலில் அச்சிட்டிருந்த விலை, யுபிஐ மூலம் செலுத்திய தொகையின் பதிவு ஆகியவை இருந்தால் போதும். அவர்கள் உங்கள் பத்து ரூபாயை வாங்கித் தர மாட்டார்கள். திடீர் ஆய்வு செய்து கடைக்காரர் மீது நடவடிக்கை எடுப்பார்கள். அடுத்த முறை இப்படி நேர்ந்தால், அந்த ஒரு பொருளை மட்டும் தனியாக வாங்கி, யுபிஐ வழியாகவே பணம் செலுத்தி, விலை தெரியும்படி பாட்டிலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பொருளைச் சேர்த்து வாங்கினால் எதற்கு எவ்வளவு என்பது பதிவில் தெரியாது. பில் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் சட்டமே சொல்கிறது என்பதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

ஆக, இந்த வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை: வாலட் வரவை மறுக்கும் மின்னஞ்சல், பேருந்து நிறுவனத்துக்கு விரைவுத் தபால், 1915-இல் பதிவு, விழுப்புரத்துக்கு ஒரு கடிதம். ஆட்சியருக்கான மனுவை மற்ற இரு குடும்பங்களோடு பேசிவிட்டு எழுதலாம். கெடு முடிந்தும் முழுத் தொகை வராவிட்டால் செங்கல்பட்டு ஆணையத்தில் முறையீடு. அதற்குப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்றாலும், செயலிகள் பழைய பதிவு விவரங்களை நீக்கிவிடக்கூடும் என்பதால் ஆறு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

ஒன்று மட்டும் கூடுதலாக. அறிவிப்பு போன சில நாட்களில் செயலியிலிருந்து யாரேனும் அழைத்து, 6,214 ரூபாயை வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறோம், புகாரை முடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கக்கூடும். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ‘முழுமையான இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வாசகத்துக்கு மின்னஞ்சலிலோ செயலியின் பொத்தானிலோ சம்மதம் கொடுக்காதீர்கள். ‘டிக்கெட் தொகை மட்டும் பெறப்பட்டது, கட்டண வித்தியாசம் 8,066 ரூபாய் மற்றும் இழப்பீட்டுக்கான உரிமை தொடர்கிறது’ என்று நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். 1915-இல் பதிந்த புகாரையும், ‘பகுதி தீர்வு’ என்ற குறிப்பு இல்லாமல் முடித்துவைக்கச் சம்மதிக்க வேண்டாம்.